பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஒயில் மீற்றர்: அறிகுறியிலிருந்து பிழையைக் கண்டுபிடித்தல்

இலங்கையின் வன்னியில் எம்.ஜி.பி என்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் காண்பது அரிது. ஆனால் அதன் எஞ்சின் எங்களுக்கு அந்நியமானதல்ல. ஒரு காலத்தில் வாடகைக் கார்களாக ஓடித் தேய்ந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ-55, ஏ-60 ஆகியவற்றில் இருந்த அதே பி-சீரிஸ் எஞ்சினைப் பெரிதாக்கி, 1798 சிசி அளவில், 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பியில் பொருத்தினார்கள். ஆகவே எஞ்சினைப் பற்றி எங்கள் பக்கத்து மூத்த மெக்கானிக்குமாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவர்களும் தடுமாறும் இடம் டாஷ்போட்டில் ஒயில் அழுத்தத்தைக் காட்டும் ஒயில் மீற்றர்தான். முள் இறங்கியதைக் கண்டவுடன் பெயாரிங் போய்விட்டது என்று முடிவுகட்டி எஞ்சினை இறக்குவோர் இருக்கிறார்கள். மீற்றர் பழசு, அதை நம்ப வேண்டாம் என்று சொல்லித் தொடர்ந்து ஓட்டுவோரும் இருக்கிறார்கள். முதலாவது தவறு பணத்தை வீணாக்கும், இரண்டாவது எஞ்சினையே அழித்துவிடும்.

இரண்டையும் தவிர்ப்பதற்கு ஒரே ஒழுங்குதான் உண்டு. முள் விழுந்த கணத்தில் அதை முழுமையாக நம்பி எஞ்சினை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு அதை நம்பாமல், உண்மையான அழுத்தத்தை வேறொரு மீற்றரால் அளந்து பாருங்கள். அந்த அளவு கையில் இல்லாமல் எஞ்சினில் ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

எம்.ஜி.பிக்கு இருக்க வேண்டிய அழுத்தம், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், ஓட்டத்தில் 50 முதல் 80 இறாத்தல் வரையும், ஆக்சிலேற்றரை மிதிக்காமல் நிற்கும்போது 10 முதல் 25 இறாத்தல் வரையும் ஆகும். இங்கு இறாத்தல் என்பது ரயருக்குக் காற்றடிக்கும்போது சொல்கிறோமே, அதே சதுர அங்குல இறாத்தல்தான். வேறு பழைய கார்களுக்கு அவற்றின் கைநூலில் உள்ள எண்ணையே பாருங்கள்; அது கிடைக்காத இடத்தில், நிமிடத்துக்கு ஒவ்வோர் 1000 சுற்றுக்கும் ஏறக்குறைய 10 இறாத்தல் என்ற பழைய கணக்கு வழிகாட்டும்.

மீற்றர் எந்த இனம் என்று முதலில் பாருங்கள்

பற்றறி வயரைக் கழற்றிவிட்டு டாஷ்போட்டின் பின்புறம் கையை விட்டால், மீற்றரின் முதுகில் மெல்லிய உலோகக் குழாய் ஒன்று வந்து சேர்கிறதா, வெறும் வயர் மட்டுமா என்பது தெரிந்துவிடும். குழாய் வந்தால் அது பொறிமுறை மீற்றர். எஞ்சினின் ஒயிலே அந்தக் குழாய் வழியாக வந்து, மீற்றருக்குள் வளைந்து கிடக்கும் பித்தளைக் குழலை நிமிர்த்த முயல்கிறது. அந்த நிமிர்வுதான் முள்ளைத் திருப்புகிறது. பிரான்ஸ் நாட்டு யூஜின் பூர்தோன் 1849ஆம் ஆண்டு உரிமம் பெற்ற இந்த ஏற்பாட்டுக்கு மின்சாரமே வேண்டியதில்லை. எங்கள் வயல்களில் உழைக்கும் பழைய மாசி பெர்குசன் 135 உழவு இயந்திரத்தின் ஒயில் மீற்றருக்குப் பழகியவர்களுக்கு இது கைவந்த விடயம். வயர் மட்டும் வந்தால் அது மின் மீற்றர். எஞ்சினில் பூட்டிய சென்சரின் மின்தடையைக் கொண்டு அது அழுத்தத்தைக் காட்டுகிறது.

எம்.ஜி.பியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கார்களில் ஒயில் அழுத்தமும் தண்ணீர்ச் சூடும் ஒரே மீற்றரின் இரு பாதிகளாக இருக்கும். சூட்டைக் காட்டும் பாதியிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்குப் போகும் நுண்குழாய் ஆவியாகக்கூடிய திரவத்தால் நிரப்பி முத்திரையிடப்பட்டது. அதை வெட்டினாலோ கூர்மையாக மடித்தாலோ சூட்டு மீற்றர் அத்துடன் போய்விடும். மீற்றரை வெளியே எடுக்க வேண்டுமானால் அந்தக் குழாயின் நுனிக் குமிழையும் ஹெட்டிலிருந்து கழற்றி, முழுவதையும் ஒன்றாகவே எடுங்கள்.

ரயர்க் கடைச் சோதனை

வெளிநாட்டிலிருந்து கருவி எதையும் வரவழைக்கத் தேவையில்லை. ஏ-9 வீதியில் புளியங்குளம், மாங்குளம் என்று எந்தச் சந்தியில் நின்றாலும் கொம்பிரசருள்ள ரயர்க் கடை ஒன்று இருக்கும். 100 இறாத்தல் வரை காட்டும் சாதாரண மீற்றர் ஒன்றையும், அதை எஞ்சினின் ஒயில் துளையில் பூட்டுவதற்கான இணைப்பு ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். 1/8 அங்குலம் என்று ஒரே பெயரில் விற்கப்படும் இரு புரிகள் உண்டு: அமெரிக்கப் புரியில் அங்குலத்துக்கு 27 சுற்று, பிரித்தானியப் புரியில் 28 சுற்று. ஒன்றை மற்றதற்குள் திருகினால் முதல் இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போகும், பிறகு இறுகும், இறுகியதும் ஸ்பானரைப் போட்டு இழுத்தால் எஞ்சினின் துளைப் புரியே கெட்டுவிடும். கையால் திருக முடியாததை ஸ்பானரால் திருகாதீர்கள்.

புதிய மீற்றரையும் காரின் பழைய மீற்றரையும் கொம்பிரசரின் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி, 20, 40, 60 இறாத்தலில் முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். ரயர்க் கடை மீற்றரோடு இரண்டும் ஓரளவு ஒத்துப்போனால் காரின் மீற்றர் குற்றமற்றது. எங்கும் ஒரே அளவு கூடவோ குறையவோ காட்டினால் முள் மட்டுமே இடம் பெயர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் சரியாகக் காட்டி மேலே போகப்போக விலகினால் உள்ளே இருக்கும் குழல் களைத்துவிட்டது. அதைத் திருத்த முயல்வதைவிட மாற்றுவதே நல்லது.

மீற்றர் தேறிய பிறகு, இரண்டாவது மீற்றரை எஞ்சினில் நேரடியாகப் பூட்டி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் சூடேறிய பின்பும் அளவெடுங்கள். இனி வருவன எல்லாம் அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டியவை.

முள் எழும்பவே இல்லை

ஸ்ராட் செய்து பத்து விநாடிக்குள் முள் அசையாவிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். டிப்ஸ்ரிக்கில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். ஒயிலும் பில்ற்றரும் இப்போதுதான் மாற்றியிருந்தால், வெறுமையாக இருந்த பில்ற்றர் நிறைவதற்குச் சற்று நேரம் எடுக்கும்; கிண்ணம் போன்ற பழைய பில்ற்றர் உள்ள எஞ்சின்களில் இந்தத் தாமதம் இன்னும் தெளிவாகத் தெரியும். எனவே ஸ்ராட் செய்யாமல், நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஸ்ராட்டரால் மட்டும் எஞ்சினைச் சுழற்றுங்கள். பாரம் இல்லாததால் பெயாரிங்குகளுக்குக் கேடில்லை, பம்பும் ஒயிலை இழுத்துக்கொள்ளும்.

அப்போதும் முள் எழும்பாவிட்டால், பொறிமுறை மீற்றரில் குழாயை மீற்றர்ப் பக்கத்தில் தளர்த்தி, அதன் வாயை ஒரு போத்தலுக்குள் விட்டு மீண்டும் சுழற்றுங்கள். ஒயில் வந்தால் மீற்றர்தான் அடைத்திருக்கிறது அல்லது கெட்டிருக்கிறது. வராவிட்டால் எஞ்சின் பக்கத்து இணைப்பைத் தளர்த்திப் பாருங்கள். அங்கே ஒயில் வந்து இங்கே வராவிட்டால் குழாயில் அடைப்பு. அங்கேயும் வராவிட்டால் குற்றம் எஞ்சினுடையது. இனிப் பம்பைத் தேட வேண்டியதுதான்.

மாங்குளத்தில் ஒரு கொட்டகையில் நெடுநாள் கிடந்த எம்.ஜி.பி ஒன்றை இப்படித்தான் பார்த்தேன். ஒரு கராஜில் அதன் ஒயில் பம்ப் போய்விட்டது என்று சொல்லிச் எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பைக் கழற்றிப் பம்பையும் மாற்றியிருந்தார்கள். ஆனாலும் முள் அசையவில்லை. எஞ்சின் பக்கத்தில் குழாயை இணைக்கும் நட்டான யூனியனைத் தளர்த்தியதும் ஒயில் பீறிட்டு வந்தது. எஞ்சினிலிருந்து உலோகக் குழாய்க்குப் போகும் றப்பர் ஹோஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது அதன் வாய்க்குள் செம்மண் இறுகிக் கிடந்தது. கம்பியால் குத்தியெடுத்த மண்ணோடு காய்ந்த புழுவின் கூடும் சேர்ந்து வந்தது. கார் நின்ற காலத்தில் யாரோ ஹோஸைக் கழற்றி வாயை மூடாமல் விட்டிருக்கிறார்கள். குளவி அதற்குள் வீடு கட்டிவிட்டது. வன்னியில் வாகனத்தின் எந்தக் குழாயைக் கழற்றினாலும், ஒரு நாளுக்கென்றாலும் சரி, துணியைச் சுருட்டி வாயை அடைத்துவிட்டுப் போங்கள்.

முள் மெதுவாக எழும்பி மெதுவாக இறங்குகிறது

பொறிமுறை மீற்றரில் இது பெரும்பாலும் குழாயின் பகுதி அடைப்பு. தடித்த பழைய ஒயில் உள்ளே களியாக ஒட்டியிருக்கும், அல்லது எங்காவது குழாய் நசுங்கியிருக்கும். ஒழுக்கு இல்லாதவரை, குறுகிய குழாயும் நேரம் கொடுத்தால் முழு அழுத்தத்தையும் காட்டும். குழாய் அடைத்ததால் அழுத்தம் குறைவாகக் காட்டுகிறது என்று சொல்பவரிடம், முள் கடைசியில் எங்கே வந்து நிற்கிறது என்று கேளுங்கள். சரியான இடத்துக்கு வந்து நின்றால் மண்ணெண்ணெய் விட்டுக் குழாயைக் கழுவி ஊதினால் போதும். குறைவாகவே நின்றால், அடைப்போடு மீற்றர்ப் பக்கத்தில் ஒழுக்கும் இருக்கிறது, அல்லது அழுத்தமே குறைந்திருக்கிறது.

ஒழுக்கு இருக்கும் இடம் எம்.ஜி.பியில் அனேகமாக இரண்டு. மீற்றரின் முதுகில் யூனியன் நட்டுக்குள் ஒரு சிறிய தோல் வொஷர் இருக்கும். அது காய்ந்து வெடித்தால் காலணியில் ஒயில் துளி விழுந்து காட்டிக்கொடுக்கும். நல்ல தோல் கிடைத்தால் செருப்புத் தைப்பவரிடம் அதே அளவில் வெட்டுவித்துக்கொள்ளலாம்; ஒயிலில் ஊறவைத்துப் போடுங்கள். மற்ற இடம் மேலே சொன்ன றப்பர் ஹோஸ். அது வெடித்தால் சம்பிலிருக்கும் ஒயில் முழுவதும் சில நிமிடங்களில் வீதியில் கொட்டிவிடும். விரலால் மடித்துப் பார்த்து மேற்பரப்பில் வெடிப்புத் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். உழவு இயந்திரங்களுக்கு ஹைட்ரோலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைகளில் அதே புரியோடு புதியது செய்விக்கலாம்.

மின் மீற்றரில் மெதுவான முள்ளைப் பிழை என்று எண்ண வேண்டாம். ஸ்மித்ஸ் நிறுவன மீற்றர்களில் ஒரு வகை, சூடேறி வளையும் இரட்டை உலோகத் தகட்டால் இயங்குவது. அதன் இயல்பே மெதுவாக நகர்வதுதான்.

முள் மேலே போய் அங்கேயே நிற்கிறது, அல்லது எதையும் காட்டவில்லை: மின் மீற்றர்

வயரைக் கழற்றிப் பார்ப்பதும் ஏர்த்தில், அதாவது எஞ்சின் உலோகத்தில், தொட்டுப் பார்ப்பதும் எல்லோருக்கும் தெரிந்த சோதனைதான். ஆனால் அதன் பொருள் மீற்றரின் வகையைப் பொறுத்து நேர்மாறாக மாறும் என்பதை மறந்து, நல்ல சென்சரை எறிந்தவர்கள் பலர். ஸ்மித்ஸ் இரட்டைத் தகட்டு மீற்றரில் வயரைக் கழற்றினால் முள் பூச்சியத்தில் கிடக்கும். ஏர்த்தில் தொட்டால் மேலே ஏறும். விடிஓ நிறுவன மீற்றரில் சென்சரின் மின்தடை அழுத்தம் இல்லாதபோது 10 ஓம், முழு அழுத்தத்தில் ஏறத்தாழ 180 ஓம். ஆகவே வயர் அறுந்தால் முள் உச்சிக்குப் போகும், ஏர்த்தில் தொட்டால் பூச்சியத்துக்கு விழும். ஒரே அறுந்த வயர் ஒரு காரில் அழுத்தமே இல்லை என்றும் இன்னொரு காரில் அழுத்தம் அளவு கடந்தது என்றும் காட்டும்.

சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓடவிடாமல், சென்சரிலிருந்து வயரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு ஒரு கணம் மட்டும் எஞ்சின் உலோகத்தில் தொடுங்கள். தகட்டு மீற்றரை இப்படி நெடுநேரம் பிடித்தால் உள்ளே இருக்கும் சுருள் எரிந்துவிடும். இரண்டு செயலுக்கும் முள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனால் மீற்றரும் வயரும் உயிரோடு இருக்கின்றன, சந்தேகம் சென்சரில். முள் அசையாவிட்டால் இதே சோதனையை மீற்றரின் முதுகில் செய்யுங்கள். அங்கே அசைந்தால் இடையிலுள்ள வயர் அறுந்திருக்கிறது. சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புவோர் வானொலி திருத்துபவரிடம் சில மின்தடைகளை வாங்கி, சென்சர் இருந்த இடத்தில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கலாம்.

சென்சரையும் ரயர்க் கடையில் சோதிக்கலாம். காற்றை மெல்ல ஏற்றிக்கொண்டே மல்ரிமீற்றரில் ஓமைப் பாருங்கள். எண் படிப்படியாக ஒரே திசையில் மாற வேண்டும். நடுவில் திடீரென்று பாய்ந்தாலோ காணாமல் போனாலோ உள்ளே தடம் தேய்ந்துவிட்டது. எண்ணே காட்டாத சென்சர் எல்லாம் கெட்டது என்று எண்ணிவிட வேண்டாம். சில தகட்டு வகைச் சென்சர்கள் தொட்டும் விட்டும் வேலை செய்வன, அவற்றை இப்படி அளக்க முடியாது. கழற்றும்போது ஸ்பானரை அடியிலுள்ள அறுகோணத்தில் மட்டும் போடுங்கள். மேலே உள்ள தகரக் குடுவையைப் பிடித்துத் திருகினால் அதன் மடிப்புத் தளர்ந்து, பூட்டிய மறுநாளே ஒயில் கசியும்.

முள் துள்ளுகிறது

முதலில் எப்போது துள்ளுகிறது என்று கவனியுங்கள். பெரிய விளக்கைப் போடும்போதோ ஹோர்ன் அடிக்கும்போதோ முள் இடம் மாறினால், டாஷ்போட்டின் ஏர்த் நன்றாக இல்லை. குழிகளில் விழும்போது துள்ளினால் வயர் நுனி தளர்ந்திருக்கும். சென்சர் எஞ்சின் வழியாகவே ஏர்த் எடுக்கிறது. எஞ்சினோ றப்பர் மவுண்டிங்கில் இருக்கிறது. எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள பின்னல் ஏர்த் வயர் அறுந்திருந்தால் மீற்றர் கண்டபடி ஆடும். சென்சரின் புரியில் ஒழுக்கை அடைக்கும் வெள்ளை ரேப்பைத் தடிப்பாகச் சுற்றுவதும் இந்த ஏர்த்தைக் கெடுக்கலாம்.

ஒயில், சூடு, பெற்றோல் ஆகிய மூன்று மீற்றரும் ஒன்றாகக் கூட்டிக் காட்டினால் எதையும் தனித்தனியே தேட வேண்டாம். தகட்டு மீற்றர்களுக்கு 10 வோல்ற்று கொடுக்கும் சிறிய ஸ்ரெபிலைசர் டாஷ்போட்டின் பின்னால் இருக்கும். அதன் ஏர்த் போனால் பற்றறியின் முழு வோல்ற்றும் மீற்றர்களுக்குப் போய் எல்லாம் கூடக் காட்டும்.

நீண்ட வளைவில் திரும்பும்போதோ பலமாக பிரேக் போடும்போதோ மட்டும் முள் விழுந்து மீண்டும் எழும்பினால், அது மீற்றரின் பிழையல்ல. சம்பில் ஒயில் மட்டம் குறைந்து, ஒயில் ஒருபக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்கிறது. அன்றைக்கே மட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

காலையில் நல்ல அழுத்தம், சூடேறினால் விழுகிறது

இந்த அறிகுறியில்தான் மீற்றரைக் குறைசொல்லும் ஆசை அதிகம் வரும்; இந்த அறிகுறியில்தான் மீற்றர் பெரும்பாலும் உண்மை சொல்லும். வவுனியாவிலிருந்து பங்குனி, சித்திரை வெயிலில் ஓடிவந்து முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தும்போது, ஓட்டத்தில் 60 காட்டிய முள் 15க்கு வந்தால் பதற வேண்டாம், எம்.ஜி.பிக்கு அது வரம்புக்குள்தான். 5க்கு வந்தால், அல்லது ஓட்டத்திலேயே 40க்கு மேல் ஏறாவிட்டால், இரண்டாவது மீற்றரைப் பூட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றையே சொன்னால் இனி மீற்றரை விட்டுவிடுங்கள்.

எஞ்சினை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒயில். இக்காலக் கார்களுக்கான மெல்லிய ஒயிலை இந்த எஞ்சினில் விட்டிருந்தால் அழுத்தம் இறங்கும், 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயிலை விடுங்கள். டிப்ஸ்ரிக்கை மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் வந்தால், அல்லது விட்ட அளவைவிட மட்டம் கூடியிருந்தால், எரியாத பெற்றோல் ஒயிலில் கலக்கிறது. சோக்கை இழுத்தபடியே ஓட்டுவது, ஒரு பிளக் வேலை செய்யாமல் இருப்பது, காபரேற்றர் வழிவது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இதை எங்கள் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. 1990களில் யுத்த காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களில், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரமாகச் சம்புக்கு இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கியதையும், அடிக்கடி ஒயில் மாற்றியவர்களின் எஞ்சின்களே தப்பியதையும் பார்த்தவர்கள் நாங்கள்.

ஒயிலை மாற்றியும் குறைவாகவே நின்றால், அடுத்தது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு. பி-சீரிஸ் எஞ்சினில் அது புளொக்கின் இடப்பக்கப் பின்புறத்தில், குமிழ் வடிவத் தலையுள்ள நட்டுக்குக் கீழே இருக்கிறது. வெளியே எடுத்தால் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சிறிய உலோகக் கிண்ணமும் வரும். கிண்ணம் அமரும் இடத்தில் ஒரு துண்டு கரியோ உலோகத் துகளோ சிக்கியிருந்தாலே வால்வு முழுமையாக மூடாது; ஒயில் பெயாரிங்குக்குப் போகாமல் சம்புக்கே திரும்பும். கிண்ணத்தின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் மினுங்கினால் அது சாய்ந்து தேய்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கைப் புதியதோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், குட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் தேடுவோர் கேம்பிரிட்ஜின் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் உங்களுடையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டே வாங்குங்கள். ஸ்பிரிங்குக்கு அடியில் வொஷர் வைத்து அழுத்தத்தைக் கூட்டுவது சிலரது வழக்கம். முள் எழும்பும், தேய்ந்த பெயாரிங் அப்படியே இருக்கும், அதைச் செய்யாதீர்கள்.

வால்வும் சரியென்றால் எஞ்சினைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது. அடியிலிருந்து ஆழ்ந்த தட்டல் சத்தம் கேட்கிறதா, வடித்த ஒயிலைத் துணியில் வடிகட்டினால் செம்பு நிறத் துகள் மினுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு சம்பைக் கழற்றுங்கள்.

பூட்டிய பின்

பிழை எதுவாக இருந்தாலும், திருத்தி முடித்த அன்று மூன்று எண்களை ஒரு தாளில் எழுதிக் காரிலேயே வையுங்கள்: குளிர்ந்த எஞ்சினில் ஸ்ராட் செய்தவுடன் எவ்வளவு, சூடேறி 3000 சுற்றில் எவ்வளவு, சூட்டோடு காரை நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே ஆக்சிலேற்றரை விட்டதும் எவ்வளவு. எந்த ஒயில் விட்டது, எத்தனை மைலில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அன்றிரவு எஞ்சினுக்கு நேர்கீழே பத்திரிகைத் தாள் ஒன்றை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் ஒயில் பொட்டு விழுந்திருந்தால், அது விழுந்த இடத்துக்கு நேர்மேலே உள்ள யூனியனை இன்னும் கால் சுற்று இறுக்கிவிட்டு, அடுத்த இரவும் தாளை விரியுங்கள்.